எண்ணெய் வரும் பின்னே, கடன் வரும் முன்னே

நாட்டில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்று அதிபர் தொலைக்காட்சியில் அறிவிப்பதற்குப் பல நாள் முன்பே அதைப் பார்த்துவிடுகிற ஆள் ஒருவர் உண்டு. கிணறு துளையிடும் ரிக்கின் ஒரு மூலையில், கன்டெய்னரை அறையாக்கி ஏசி பொருத்திய 'யூனிட்'டுக்குள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிற மட் லாகர். துளையிடும் குழாய் வழியே கீழே இறக்குகிற சேறு, பாறைத் துணுக்குகளை அடித்துக்கொண்டு மேலே திரும்பி வரும். அந்தச் சேற்றையும் துணுக்கையும் பார்த்துக் குறிப்பெழுதுவதுதான் அவருடைய வேலை. ரிக்கின் பெரிய மனிதர்கள் யாரோடும் சம்பளத்தில் போட்டி போட முடியாத பதவி. ஆனால் முதல் சேதி அவர் கைக்குத்தான் வந்து சேரும்.

நாகப்பட்டினம் பக்கத்துக்காரர் ஒருவர் இந்த வேலையைத் தன் ஆயுளின் நல்ல பகுதி முழுக்கச் செய்திருக்கிறார். புவியியல் படித்து, நரிமணம் வட்டாரக் கிணறுகளில் தொழில் பழகி, பிறகு நைஜீரியா, கானா, கயானா என்று அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளையும் பார்த்தவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். எண்ணெய்க்காரர்களுக்கு இந்த ஜாக்கிரதை எளிதில் போகாது. வேலைக்குச் சேரும்போது அவர்கள் முன் முதலில் நீட்டப்படுவதே ரகசியக் காப்புப் பத்திரம்தான். கிணற்றுக்குள் கண்டதை வீட்டிலும் சொல்லக் கூடாது. கிணற்றுக்கு வெளியே கண்டதைப் பேச அவருக்குத் தடை இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்துவதும் இல்லை.

முதலில் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பிட் என்கிற துளைமுனை வெட்டிய துணுக்கு மேலே வந்து சேர, ஆழமான கிணற்றில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். இந்த இடைவெளிக்கு 'லேக் டைம்' என்று பெயர். அந்தக் கணக்குப் பிசகினால் எந்த ஆழத்துப் பாறை என்பதே மாறிப்போகும். மேலே வரும் சேறு ஷேல் ஷேக்கர் என்கிற அதிரும் சல்லடையில் கொட்டும். சேறு கீழே ஒழுக, துணுக்குகள் மேலே நகர்ந்து வரும். ஐந்து மீட்டருக்கோ பத்து மீட்டருக்கோ ஒரு முறை அதில் ஒரு கை அள்ளி, அலசி, தட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இன்னொரு பக்கம், சேற்றிலிருந்து பிரியும் வாயுவைக் கருவி இழுத்து, மீத்தேன் எவ்வளவு, ஈத்தேன் எவ்வளவு, அதைவிடக் கனமானவை எவ்வளவு என்று கோடு போட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்தது புற ஊதா விளக்குப் பெட்டி. எண்ணெய் ஒட்டிய மணல் அதற்குள் ஒளிரும். கனமான எண்ணெய் என்றால் பழுப்பு, நடுத்தரம் என்றால் பொன் மஞ்சள், லேசான எண்ணெய் என்றால் நீலம் கலந்த வெண்மை. உடனே குதித்துவிடக் கூடாது. குழாய் மரைகளில் தடவுகிற கிரீஸும் ஒளிரும். சுண்ணாம்புத் தாதும் ஒளிரும். எண்ணெய் கலந்து தயாரிக்கிற சேறாக இருந்தால் அதுவே ஒளிர்ந்து ஆளை ஏமாற்றும். அதனால் ஒரு துணுக்கைப் பீங்கான் குழித்தட்டில் வைத்து, ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டு, மறுபடி விளக்கடியில் பிடிக்க வேண்டும். பாறைக்குள்ளிருந்து பால் கசிவதுபோல் வெளிச்சம் மெல்ல வழிந்து வந்தால், சரி, ஏதோ இருக்கிறது.

"லைட்டுல மின்னுறதெல்லாம் எண்ணெய் இல்லீங்க. எண்ணெயாவே இருந்தாலும், எவ்வளவு, எடுத்தா கட்டுமா கட்டாதான்னு தெரியறதுக்குள்ள வருஷக்கணக்கு ஆயிடும்."

அவர் சொல்வது தொழிலின் பாலபாடம். மட் லாகரின் தாளில் 'தடயம்', 'சுமார்', 'நல்லது' என்ற தரவரிசை மட்டுமே இருக்கும். 'எண்ணெய் கிடைத்தது' என்று எழுத இடமே கிடையாது. அதன் பின் கம்பி வழியே கருவிகளை இறக்கிப் பாறையை அளப்பார்கள். அழுத்தம் பார்ப்பார்கள், திரவ மாதிரி எடுப்பார்கள். பிறகு சில மைல் தள்ளி இரண்டாவது, மூன்றாவது கிணறு வெட்டி, எண்ணெய்ப் படுகை அதுவரை நீள்கிறதா என்று சோதிப்பார்கள். இவ்வளவும் தேறிய பிறகுதான் முதலீட்டுப் பேச்சு. முதல் ஒளிக்கும் முதல் பீப்பாய்க்கும் இடையே வேகமாக நடந்தாலும் மூன்று நான்கு ஆண்டுகள், இழுத்தால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். உகாண்டாவில் 2006-ல் ஆல்பர்ட் ஏரிக் கரையில் எண்ணெய் கண்டார்கள். இறுதி முதலீட்டு முடிவு எடுக்க 2022 ஆயிற்று.

தொழில் இப்படிப் படிப்படியாக ஏறுகிறது. அரசாங்கங்கள் முதல் படியில் நின்றுகொண்டே கடன் பத்திரம் அச்சடித்துவிடுகின்றன. அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த நாடு கானா.

2007 ஜூனில் கானாவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஆயிரம் மீட்டருக்கும் ஆழமான கடலில் 'மஹாகனி-1' கிணறு எண்ணெய் காட்டியது. காஸ்மாஸ் எனர்ஜி வெட்டிய கிணறு. ஆகஸ்டில் டல்லோ நிறுவனத்தின் 'ஹைடுவா-1' அதே படுகையை உறுதி செய்தது. கானா சுதந்திரம் அடைந்து ஐம்பது ஆண்டு நிறைந்த வருஷம் அது. வயலுக்கு 'ஜூபிலி' என்றே பெயர் வைத்தார்கள். அதிபர் ஜான் குஃபோர், கானா இனி ஆப்பிரிக்கப் புலியாகப் பாயும் என்றார். அந்தச் செப்டம்பரிலேயே 75 கோடி டாலருக்கு நாட்டின் முதல் யூரோ பாண்டு, அதாவது வெளிநாட்டில் விற்கிற கடன் பத்திரம், சந்தைக்கு வந்தது. எண்ணெய் கடலுக்கடியில் இருந்தது. வட்டி ஓடத் தொடங்கிவிட்டது.

நம்மவர் டகோராடி துறைமுகத்தில் வந்து இறங்கியது அதற்கடுத்த கட்டத்தில், மதிப்பீட்டுக் கிணறுகள் வெட்டும்போது. ரிக்கில் பாதுகாப்பு பலமாக இருந்தது. 'டைட் ஹோல்', அதாவது ரகசியக் கிணறு, என்று அறிவித்த இடத்தில் குறிப்புத் தாளை மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால்கூடத் திட்டு விழும். கரைக்கு வந்தாலோ, டாக்சிக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஹெலிகாப்டர் எத்தனை முறை பறந்தது, சோதனைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு எந்தப் படகு போயிற்று, ஓட்டலில் புதிதாக எத்தனை வெள்ளைக்காரர்கள் என்று கூட்டிக் கழித்தே அவர்கள் கிணற்றின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கூடுதலாக இருந்தது ஒன்றுதான்: எந்தக் கிணறானாலும் அவர்கள் கணக்கில் அது பெரிய கிணறு.

வீட்டு வாடகையில் அந்தக் கணக்கு அப்படியே தெரிந்தது. ஓராண்டு, ஈராண்டு வாடகையை மொத்தமாக முன்பணம் கேட்பது கானாவில் நடைமுறை. ஆறு மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1963-லிருந்து சட்டம் இருக்கிறது, அது சட்டப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. டகோராடியில் எண்ணெய்ப் பேச்சு வந்ததும் வீட்டுக்காரர்கள் அந்த முன்பணத்தை டாலரில் கேட்க ஆரம்பித்தார்கள். ஆசிரியர்களும் நர்சுகளும் ஊருக்கு வெளியே குடிபோனார்கள். எண்ணெய் நகரம் என்று பலகை எழுதிய கடைகள் முளைத்தன. அப்போது அந்தக் கடலிலிருந்து விற்பனைக்கு ஒரு பீப்பாய்கூட வந்திருக்கவில்லை.

கானாக்காரர்கள் ஏமாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. "நாங்கள் நைஜீரியா ஆக மாட்டோம்" என்பதுதான் அந்த ஆண்டுகளில் அவர்களுடைய தாரக மந்திரம். அமைச்சர் முதல் ரிக்கில் மூட்டை தூக்குகிற இளைஞன் வரை எல்லோரும் சொன்னார்கள். நைஜீரியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவரிடமே அதைச் சொன்னதால், அவர் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

நைஜர் டெல்டாவில் அவர் இருந்த முகாமுக்கு முள்வேலி உண்டு. வேலிக்கு உள்ளே இருபத்து நான்கு மணி நேரமும் ஜெனரேட்டர் வெளிச்சம், பாட்டில் தண்ணீர், மூன்று வேளை சாப்பாடு. வெளியே கிராமத்தில் மின்சாரம் இல்லை. ஆனால் இருட்டும் இல்லை. எண்ணெயோடு வருகிற வாயுவை அப்படியே கொளுத்திவிடுகிற சுவாலை, ராத்திரி முழுக்க வானத்தைச் சிவக்க வைத்தது. சில ஊர்ப் பெண்கள் அந்தச் சூட்டின் அருகே மரவள்ளிக் கிழங்கு மாவை உலர்த்திக்கொண்டிருப்பார்கள். 1984 முதல் அனுமதி இல்லாமல் வாயுவை எரிக்கக் கூடாது என்று 1979-லேயே நைஜீரியா சட்டம் போட்டுவிட்டது. அபராதம் கட்டுவது, வாயுவைப் பிடித்துக் குழாயில் அனுப்புவதைவிட மலிவாக இருந்தது. அதனால் அபராதம் கட்டினார்கள், எரித்தார்கள்.

அந்த நாட்டின் எண்ணெய்க் கதை தொடங்கியது ஒலோய்பிரியில், 1956-ல். 1958-ல் முதல் ஏற்றுமதி. இருபது ஆண்டுகளில் வயல் வற்றி, 1970-களின் கடைசியில் கைவிடப்பட்டது. முதல் கிணற்றின் தலையில் துருப்பிடித்த வால்வுக் கோபுரமும் ஒரு பெயர்ப் பலகையும் மிச்சம். 2001-ல் அதிபர் ஒபசாஞ்சோ வந்து அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார். இருபது ஆண்டு கழித்தும் அடிக்கல்தான் அங்கே காட்சிப்பொருள். எண்ணெய் எடுத்த மண்ணுக்கு என்ன உரிமை என்ற கேள்வி, நைஜீரியாவில் ஒரு உள்நாட்டுப் போரின் காரணங்களில் ஒன்றாக இருந்தது. நிலத்துக்கடியில் இருப்பது முழுக்க மத்திய அரசுடையது என்று 1969 பெட்ரோலியச் சட்டம் எழுதி வைத்தது. எடுக்கும் மாநிலங்களுக்கு 13 விழுக்காடு திருப்பித் தர வேண்டும் என்று வந்தது 1999 அரசியல் சட்டத்தில். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1995 நவம்பரில், ஓகோனி மக்களுக்காகப் பேசிய எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் அவரோடு எட்டுப் பேரையும் ராணுவ அரசு தூக்கில் போட்டிருந்தது.

ஓகோனி நிலத்தை ஆய்வு செய்த ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குழு 2011-ல் அறிக்கை வெளியிட்டது. நிசிசியோகென் ஓகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல 900 மடங்குக்கும் மேல். நிலத்தடி நீரின்மேல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு எண்ணெய் மிதந்தது. சுத்தம் செய்து முடிக்க 25 முதல் 30 ஆண்டு ஆகும், தொடக்கச் செலவுக்கே 100 கோடி டாலர் வேண்டும் என்று அறிக்கை சொன்னது. பக்கத்தில் போடோ சிற்றூரில் 2008-ல் குழாய் வெடித்து உப்பங்கழி முழுக்க எண்ணெய் பரவிய வழக்கில், ஷெல் நிறுவனம் 2015-ல் 5.5 கோடி பவுண்டு கொடுத்து சமரசம் செய்தது. லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதால் நடந்தது அது.

ஐ.நா. அறிக்கையில் தண்ணீரைப் பற்றிய பக்கத்தை நம்மவர் பல தடவை படித்திருக்கிறார். பென்சீன் அவருக்குப் பழக்கமான பொருள். எண்ணெயில் அது இருக்கும். யூனிட்டுக்குள் கரைப்பான் பாட்டிலைத் திறந்தால் காற்றுப் போக்கி ஓட வேண்டும், கையுறை போட வேண்டும் என்று விதி. விதியை மீறினால் பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொடுத்துவிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்காக எழுதிக்கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு விசித்திரம் பெட்ரோல் பங்கில். ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் உற்பத்தி நாடுகளில் ஒன்று, நான்கு அரசு சுத்திகரிப்பு ஆலைகள், ஆனால் அந்த ஆண்டுகளில் ஆலைகள் சரியாக ஓடவில்லை. கச்சா எண்ணெயை விற்று, பெட்ரோலைக் கப்பலில் வாங்கி, மானியம் கொடுத்து விற்றார்கள். மானியக் கணக்கில் கொழித்தவர்கள் பலர். விடுமுறைக்குக் கிளம்புகிற நாளில் விமான நிலையம் போகும் சாலையின் ஓரம் பெட்ரோல் வரிசை மைல்கணக்கில் நிற்கும். அதைத் தாண்டிப் போக ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். 2023 மே மாதம் புதிய அதிபர் பதவியேற்ற அன்றே மானியம் போனது என்று அறிவித்தார். லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500-ஐத் தாண்டியது.

ஆக, "நைஜீரியா ஆக மாட்டோம்" என்று கானா சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்காக உழைக்கவும் செய்தார்கள். எண்ணெய் வருமானத்தில் எவ்வளவு பட்ஜெட்டுக்கு, எவ்வளவு சேமிப்புக்கு, எவ்வளவு வருங்காலத் தலைமுறைக்கு என்று 2011-ல் சட்டமே போட்டார்கள். அரசு செலவு செய்வதைக் கண்காணிக்க, பாதிரியார், பத்திரிகையாளர், பாரம்பரியத் தலைவர்கள் எனப் பொதுவெளி ஆட்கள் உட்காரும் குழு ஒன்றையும் அமைத்தார்கள். ஒப்பந்தங்களை வெளியிட்டார்கள். எண்ணெய்ப் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

பூட்டாத பெட்டி வேறொன்று இருந்தது. எண்ணெயைக் காட்டி வாங்கிய கடன்.

முதல் எண்ணெய் 2010 டிசம்பரில் வந்தது. அந்த ஆண்டே அரசு ஊழியர்களுக்குப் புதிய சம்பள அமைப்பு. சம்பளச் செலவு எகிறியது. 2011-ல் சீன வளர்ச்சி வங்கியோடு 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம், ஈடாக எண்ணெய். 2012 தேர்தல் ஆண்டு. பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 10 விழுக்காட்டைத் தாண்டியது. ஜூபிலி வயலோ, நாளுக்கு 1,20,000 பீப்பாய் என்று போட்ட திட்டத்தை முதல் இரண்டு ஆண்டுகளிலும் எட்டவில்லை. கிணறுகளின் அடிப்பகுதியை முடித்த முறையில் கோளாறு; மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. ரிக்கில் இருப்பவர்களுக்கு இது சாதாரணம். எந்த வயலும் காகிதத்தில் ஓடுகிற மாதிரி கடலில் ஓடாது. நிதியமைச்சகத்தின் கணக்கு காகிதத்தை வைத்துப் போட்டது.

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல். 2015 ஜனவரியில் 50-க்குக் கீழே. அந்த ஏப்ரலில் கானா சர்வதேச நிதியத்திடம் 91.8 கோடி டாலருக்குக் கை நீட்டியது. அந்தக் காலத்தில்தான் நாடு முழுக்க மின்வெட்டு. ஜூபிலியின் வாயுவைக் கரைக்குக் கொண்டுவரும் அதுவாபோ ஆலை 2014 கடைசியில்தான் தயாரானது. அதற்குப் பின்னும் நகரங்களில் முறை வைத்து விளக்கை அணைத்தார்கள். 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டுவதையே கானா நிறுத்தியது. எண்ணெய் கிடைத்துப் பதினாறு வருஷத்துக்குள் நடந்தது இது. எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்; கொரோனா, கொக்கோ, மின் நிறுவனங்களின் நஷ்டம் என்று பட்டியல் உண்டு. ஆனால் சந்தையில் கானாவுக்கு அவ்வளவு கடன் கிடைத்ததற்குப் பின்னால் ஜூபிலி என்ற பெயர் இருந்தது. பொருளாதார ஆய்வாளர்களும் பிற்பாடு பல நாடுகளின் கணக்கைப் பார்த்து இதை ஒட்டியே சொன்னார்கள்: பெரிய கண்டுபிடிப்பை அறிவித்த நாடுகளில், எண்ணெய் வருமுன்னே எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை, நிர்வாகம் பலவீனமான நாடுகளில் இருந்த வளர்ச்சியும் தளர்ந்தது.

வேலைவாய்ப்பு என்ற வாக்குறுதிதான் டகோராடியில் அதிகம் வலித்தது. வெல்டிங் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். ஆழ்கடல் எண்ணெய்க்கு அவ்வளவு கைகள் தேவைப்படாது. எண்ணெயைப் பிரித்துச் சேமித்து வேறு கப்பலுக்கு மாற்றிவிடுகிற மிதக்கும் ஆலை ஒன்று, அதில் சில நூறு பேர் முறை வைத்து வேலை. 'குவாமே நக்ரூமா' என்று கானாவின் முதல் அதிபர் பெயர் தாங்கிய அந்தக் கப்பலை, பழைய டாங்கர் ஒன்றிலிருந்து உருமாற்றிக் கட்டியது சிங்கப்பூரின் ஜூரோங் பட்டறையில். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் வெல்டிங், பெயின்டிங், சாரம் கட்டும் வேலைகளில் தமிழ்நாட்டிலிருந்து போன ஆட்கள் ஏராளம். டகோராடி வெல்டருக்கு வாய்க்காத கூலி, புதுக்கோட்டைக்கும் ராமநாதபுரத்துக்கும் மணியார்டராகப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அவர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பில்லை.

மீனவர்களுக்கோ கடலே சுருங்கியது. கப்பலைச் சுற்றி 500 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது. ராத்திரியில் கப்பலின் விளக்குகள் மீனை இழுக்கும். மீன் எல்லாம் தடைசெய்த வட்டத்துக்குள், வலை வட்டத்துக்கு வெளியே. மரக்கட்டைப் படகுகள் எல்லை தாண்டி நெருங்கும், காவல் படகு வந்து விரட்டும். ரிக்கின் மேல்தட்டில் நின்று பார்த்தால் இந்த ஓட்டமும் விரட்டலும் நன்றாகத் தெரியும். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வளர்ந்தவருக்கு அந்தப் படகுக்காரர்களின் கையசைப்பில் என்ன வசவு இருக்கும் என்று மொழி தெரியாமலே புரிந்தது.

எண்ணெய் வந்தால் இது. வராமலே போனால்? கினி வளைகுடாவில் சாவோ தோமே பிரின்சிப்பே என்று குட்டித் தீவு நாடு. அப்போது மக்கள் தொகை இரண்டு லட்சம்கூடக் கிடையாது, கொக்கோதான் பிழைப்பு. 2001-ல் நைஜீரியாவோடு கடல் பகுதியை 60-க்கு 40 என்று பங்கு போட்டு ஒப்பந்தம் செய்தது. 2003 ஜூலையில், எண்ணெய் ஏலம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, அதிபர் நைஜீரியாவில் இருந்த சமயம் பார்த்து ராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்தார்கள். ஒரு வாரத்தில் சமரசமாகி அதிபர் திரும்பினார். அக்டோபர் ஏலத்தில், பங்கு போட்ட கடலின் முதல் பிளாக்கை 12.3 கோடி டாலருக்குக் கேட்டார்கள். 2006-ல் கிணறு வெட்டிப் பார்த்தால், எடுத்து விற்கிற அளவுக்கு இல்லை. அதன்பின்னும் பல முயற்சிகள். இன்றுவரை அந்தத் தீவு ஒரு பீப்பாய் விற்கவில்லை. அந்தக் கடலில் கிணறு வெட்டிய ரிக்குகளில் வேலை பார்த்த நண்பர்கள் அவருக்கு உண்டு. மட் லாகரின் தாளில் 'தடயம்' என்று எழுதியிருக்கும். கரையில் அதற்குள் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பே நடந்து முடிந்திருந்தது.

இந்தப் பேச்சு எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் நார்வேயைக் கொண்டுவந்து நிறுத்துவார். அவருக்கு அதில் எரிச்சல். நார்வே 1969 டிசம்பரில் எக்கோஃபிஸ்க் வயலைக் கண்டபோது, அதனிடம் கப்பல் கட்டும் தொழில் இருந்தது, வரி வசூலிக்கிற அலுவலகம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. அவசரப்பட வேண்டிய வறுமை இல்லை. இன்னொன்றையும் அவர் சொல்வார்: நார்வேயின் எண்ணெய் நிர்வாகத்தை வடிவமைத்ததில் முக்கியமானவர் ஃபாரூக் அல்-காசிம், பாஸ்ராவில் பிறந்த ஈராக் புவியியலாளர். மூளைவாதத்தால் பாதிக்கப்பட்ட மகனின் சிகிச்சைக்காக 1968-ல் மனைவியின் நாடான நார்வேக்குக் குடிபெயர்ந்தவர். அறிவு ஏழை நாட்டிலும் இருந்தது. அது வேலை செய்ய இடம் கிடைத்தது ஓஸ்லோவில்.

கயானா அவருடைய கடைசிப் பணியிடம். தென்னமெரிக்காவின் வடக்குக் கரையில், எட்டு லட்சம் பேர் வாழ்கிற நாடு. பல பத்தாண்டுகள் அங்கே வெட்டிய கிணறுகள் எதிலும் எடுத்து விற்கிற அளவுக்கு எண்ணெய் இல்லை. 2015 மே மாதம் எக்ஸான்மொபில் 'லிசா-1' கிணற்றில் எண்ணெய் கண்டது. அந்த மாதமே பதவியேற்ற பிரதமர் மோசஸ் நாகமுத்து. கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன சென்னை மாகாணத்தவரின் வம்சம். பெர்பீஸ் பக்கம் இன்றும் மாரியம்மனுக்குப் பூசை உண்டு. வேப்பிலையும் பறையும் கண்டு, அவருக்கு ஒரு கணம் எந்தக் கடற்கரையில் இருக்கிறோம் என்றே குழம்பியது.

தொழில்காரருக்கு அங்கே உறுத்திய விஷயம் ஒப்பந்தம். எண்ணெய் இருக்குமோ இருக்காதோ என்ற நிலையில், கம்பெனிக்குத் தாராளமாக விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் உண்டு. வறண்ட கிணற்றுச் செலவு அவர்கள் தலையில். கயானா முதல் ஒப்பந்தத்தை 1999-ல் போட்டது, அது அப்படிப்பட்ட காலம். 2016-ல் புது ஒப்பந்தம் போட்டபோது லிசாவில் எண்ணெய் இருப்பது ஊருக்கே தெரியும். அப்போதும் ராயல்டி 2 விழுக்காடு. உற்பத்தியில் 75 விழுக்காடு வரை கம்பெனி செலவுக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தில் பாதி நாட்டுக்கு. ஆரம்ப ஆண்டுகளில் நூறு பீப்பாய்க்குப் பதினான்கரை. கையெழுத்துக்காகக் கம்பெனி கொடுத்த 1.8 கோடி டாலரை அரசு தனிக் கணக்கில் வைத்திருந்தது. 2017 கடைசியில்தான் மக்களுக்குத் தெரிந்தது. முதல் எண்ணெய் 2019 டிசம்பர் 20. அடுத்த மார்ச்சில் தேர்தல்; முடிவு அறிவிக்க ஆகஸ்ட் ஆயிற்று. யார் கையில் பெட்டிச் சாவி என்பதற்கான ஐந்து மாதச் சண்டை.

இருந்தாலும் கயானாவில் அழிவு மட்டும்தான் என்று எழுதினால் அது அங்கே போகாதவர் எழுதியது. சாலைகள் வந்தன. மருத்துவமனைகள் எழும்பின. 2022-ல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. 2025 முதல் கயானா பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. 2024-ல் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் கயானா டாலர், ஏறத்தாழ 480 அமெரிக்க டாலர், ரொக்கமாகத் தருவதாக அரசு அறிவித்தது. அதே சமயம் ஜார்ஜ்டவுன் சந்தையில் காய்கறி வாங்கப் போனால் அந்த ரொக்கம் எங்கே கரைகிறது என்று தெரியும். வடக்கே கடலில் எண்ணெய், மேற்கே வெனிசுவேலா: 2023 டிசம்பரில் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான எஸ்ஸெகிபோ பகுதி தங்களுடையது என்று அந்த நாடு வாக்கெடுப்பே நடத்திவிட்டது. உரிமைச் சண்டை பழையது. வேகம் லிசாவுக்குப் பிறகு வந்தது.

இப்போது அவர் செய்தித்தாளில் தேடிப் படிக்கிற நாடு, கயானாவுக்குப் பக்கத்திலிருக்கிற சுரினாம். 2020 ஜனவரியில் 'மாகா சென்ட்ரல்-1' கிணற்றில் எண்ணெய் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நாடு கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. 2023-ல் கடன்காரர்களோடு சமரசம். எண்ணெய் வந்தால் அந்தக் கிணறு இருக்கிற பிளாக்கின் ராயல்டியில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். முதலீட்டு முடிவு 2024 அக்டோபரில். அடுத்த மாதமே, ஒவ்வொரு குடிமகனுக்கும் வருங்கால எண்ணெய்ப் பணத்திலிருந்து 750 டாலர் பத்திரம், ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்று அதிபர் சந்தோக்கி அறிவித்தார். தேர்தலுக்கு ஆறு மாதம் இருந்தது. 2025 ஜூலையில் அவருக்குப் பதில் ஜெனிஃபர் ஹீர்லிங்ஸ்-சைமன்ஸ் அதிபரானார். பத்திரத்துக்குப் பணம் தேட வேண்டிய பொறுப்பும், கடன்காரர்களின் பங்கும் இப்போது அவருடைய மேசையில். எண்ணெய் 2028-ல் வரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது.